யவன வெள்ளை

குன்றின் மேல் இருந்த சமணப் பள்ளிக்கு ஒரு குரத்தியார் தலைவி. அந்தத் துறவியைத் தேடித் தத்தை வந்தாள். இருபது வருடம் அரண்மனையில் இளவரசிக்கு ஒப்பனை செய்தவள். குரத்தியாரைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வந்ததும் வராததுமாகக் கொண்டையை அவிழ்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

அங்கே துறவு பூணுகிறவர்கள் தலைமுடியைக் கையாலேயே பறித்தெடுக்க வேண்டும். உயிர் போகிற வலி. வலிக்கட்டும் என்றுதான் தத்தை வந்திருந்தாள்.

"இளவரசி போயிட்டாங்க அம்மா. போன அமாவாசைக்கு. இருபத்தாறு வயசு."

"என்ன நோய்?"

தத்தை மடியிலிருந்து ஒரு தந்தச் சிமிழை எடுத்து வைத்தாள். உள்ளே வெள்ளைப் பொடி. ஈயத் தகட்டைக் புளித்த காடியில் ஊறப்போட்டு, பூத்து வருவதைச் சுரண்டி எடுத்து யவனர் கப்பலில் கொண்டுவருவது. எகிப்து நாட்டுக் கண்மையும் சீனத்துச் செஞ்சாயமும் அதே துறைமுகத்தில்தான் வந்து இறங்கின. எந்தக் கடலைத் தாண்டினாலும் பெண்ணின் முகத்தைச் சும்மா விட்டுவைத்த ஊர் ஒன்றுகூட இல்லை போலிருக்கிறது.

"பூசினா முகம் நிலா மாதிரி இருக்கும். அப்புறம் அடியில தோல் கறுத்துது. அதை மறைக்க இன்னும் அப்பினேன். பல் ஆடிச்சு. கை நடுங்கிச்சு. கடைசி நாள்லகூட 'நல்லா இருக்கேனா தத்தை'ன்னுதான் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா இருக்கீங்கன்னேன்."

அழுதாள். நிஜமான அழுகைதான், அதில் குறை சொல்ல முடியாது.

"தெரியாம செஞ்சேன் அம்மா. தெரியாம செஞ்சாலும் பாவமா?"

குரத்தியார் சிமிழைத் திறந்து, இரண்டு விரலால் பொடியை அள்ளித் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனார்.

மறுகணம் பொடி தரையில் கிடந்தது. தத்தை அவர் கையைத் தட்டிவிட்டிருந்தாள்.

"நல்ல வேகம்," என்றார் குரத்தியார். "பழகின கை."

"என் மக அல்லி ஒரு தடவை இதை எடுத்துப் பூசப் போனா. இப்படித்தான் தட்டிவிட்டேன். முதுகுல ரெண்டு வெச்சேன்."

"ஏன்?"

"அரண்மனைச் சாமான்..."

"அதுக்காகவா அடிச்சே?"

தத்தை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"இல்ல. அப்பவே என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு."

"அல்லிக்கு அப்போ என்ன வயசு?"

"ஏழு."

"இளவரசிக்கு?"

"ரெண்டு பேரும் ஒரே தை மாசம் பிறந்தவங்க." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ராணியம்மா கட்டளை. நான் என்ன செய்ய முடியும்?"

"மகளுக்கு என்ன பூசினே?"

"மஞ்சள்."

"எப்படி இருக்கா?"

"ரெண்டு பிள்ளை. நல்லா இருக்கா."

குரத்தியார் சிமிழை மூடி அவள் மடியில் வைத்தார். எழுந்து அவள் பின்னால் போனார். தத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, முதல் மயிர் பிடுங்கப்படக் காத்திருந்தாள். குரத்தியார் கூந்தலை அள்ளிச் சேர்த்து, பழையபடி கொண்டை போட்டுவிட்டார்.

"'தெரியாம செஞ்சாலும் பாவமா'ங்கிற கேள்வியை, நிஜமாவே தெரியாம செஞ்சவ யாராவது வந்து கேக்கட்டும், பதில் சொல்றேன்," என்றார். "நீ உன் கேள்வியைக் கொண்டு வா."