முகர்ந்த விறகு

மார்கழி முதல் நாள், பனி உலராத காலை. உசிலைக்குன்றின் அடிக்காட்டில் கோடரி ஒலி எழுந்தது. வெட்டியவர் வேம்பியார். குன்றின்மேல் கோயில் கொண்ட வேலவரின் மடைப்பள்ளிக்கு விறகு தருவது அவர் பணி. கணவர் இறந்தபின் அவருக்கு எஞ்சியது அந்தக் கோடரி ஒன்றே. ஒரு சுமை விறகுக்குக் கோயிலில் ஒரு பட்டைச் சோறு அளந்து கொடுத்தார்கள். அதுவே அவர் உணவு.

பச்சை மரத்தை அவர் தொடமாட்டார். பட்ட மரத்தைக் கோடரியின் பின்புறத்தால் தட்டிக் காது கொடுப்பார். உள்ளே காய்ந்திருந்தால்தான் வெட்டு. மரம் சாயும்போது "அரோகரா!" என்று காடு அதிரக் கூவுவார். கட்டை ஒரே அடியில் பிளந்தால் சிறுமிபோலச் சிரிப்பார். பிளந்த கட்டையை மூக்கருகே கொண்டுபோவார். உசிலைக்கு ஒரு மணம், வெப்பாலைக்கு ஒரு மணம். முகர்ந்து, கண்மூடி, "வேலவா" என்பார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

அன்று அவ்வழியே வந்த கோயில் மணியக்காரர் வாரணவாசியார் அதைப் பார்த்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். முறை தவறப் பொறாதவர். சாமிக்கு ஆகும் சோற்றின் மணம்கூட முன்னதாக யார் மூக்கிலும் ஏறக் கூடாதென்று, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சமைக்கச் செய்தவர்; தாமும் கட்டிக்கொண்டே மடைப்பள்ளிக்குள் நுழைபவர். சுமையோடு மடைப்பள்ளிப் பின்வாசலுக்கு வந்த வேம்பியாரை மறித்தார்.

"ஏ வேம்பி, சாமிக்கு வெட்டற விறகை நீ மோந்து பாக்கறியா?"

"ஆமாங்க. கமகமன்னு இருக்குதுங்க."

"மோந்த பூவைச் சாமிக்குப் போடுவியா?"

"போட மாட்டனுங்க."

"அப்ப விறகு மட்டும்? நீ அனுபவிச்ச மிச்சத்தைக் கொண்டாந்து அவர் அடுப்புல வெப்பியா?"

வேம்பியார் சுமையை இறக்கவில்லை. மணியக்காரர் ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார்.

"இதை மூக்கையும் வாயையும் சேத்துக் கட்டிக்க. கூவாதே, சிரிக்காதே. அப்படி வெட்டினா உன் விறகு உள்ள வரும்."

"கட்ட மாட்டனுங்க."

"ஏன்?"

"காட்டை மணக்க வெச்சது அவரு. மூக்கைக் குடுத்ததும் அவரு. நடுவுல இந்தத் துணிதானுங்க உங்களுது."

பின்வாசல் கதவு சாத்தப்பட்டது. பட்டைச் சோறும் நின்றது.

துணி கட்டிய வேறு ஆட்கள் விறகுக்குப் போனார்கள். வேம்பியாரும் போனார். அதே கூவல், அதே சிரிப்பு. சுமையைக் கொண்டுவந்து சாத்திய கதவின் முன் அடுக்கி, கும்பிட்டுத் திரும்பினார். அந்த அடுக்கிலிருந்து தம் அடுப்புக்கு ஒரு குச்சியும் எடுத்தாரில்லை. காட்டுக் கிழங்கைச் சுட வேறு சுள்ளி பொறுக்கினார்.

ஓடைக்கரைப் பெண்கள் சிரித்தார்கள். "மூக்குல விறகு வெட்றவ வர்றா பாரு!"

"உம்பட வாயைக் குடு கண்ணு. அதுல வெட்டினா மலையே மொட்டையாயிரும்" என்றபடி வேம்பியார் நடந்தார்.

அடுக்கு ஆள் உயரம் ஆனது. ஒரு நாள் மணியக்காரர் அதை மலைச்சரிவில் உருட்டிவிடச் செய்தார். கட்டைகள் பாறையில் மோதிப் பள்ளத்தில் விழுந்தன. வேம்பியார் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காட்டுக்கு வந்து, பட்டுப்போன உசிலை ஒன்றில் கோடரியை ஓங்கினார். பசியில் கை தளர்ந்தது. பாதி வெட்டில் கோடரியை மரத்திலேயே விட்டு, குன்றை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்பட விறகு வேண்டாம்னா நீயே வந்து சொல்லு. துணி கட்டினவங்கிட்டச் சொல்லி அனுப்பாதே. அதுக்கு முன்னால ஒருக்கா நீ வெட்டிப் பாரு. பாத்துட்டுச் சொல்லு."

மறுநாள் காலை அந்த மரம் வீழ்ந்து கிடந்தது. ஒரு வெட்டு மேலே, ஒரு வெட்டு கீழே. பிளக்கத் தெரியாமல் கணுவிலேயே அடித்திருந்தார்கள். கட்டைகள் எல்லாம் கோணல். வேம்பியாருக்குச் சினம் பொத்துக்கொண்டு வந்தது.

"எந்தக் கை பழகாதவனோ, நாய் கொதறுன மாதிரிக் கொதறி வெச்சிருக்கறான்!"

வைதுகொண்டே அவற்றைச் சுமையாகக் கட்டி மலையேறினார்.

பின்வாசல் திறந்திருந்தது. மணியக்காரர் அங்கே நின்றார். மூக்கை மறைக்கும் துணி கழுத்தில் தொங்கியது. பூசை செய்யும் பண்டாரம் கருவறைச் சாவியைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நின்றார்.

"ராத்திரி நாந்தானுங்க பூட்டினேன். காலைல நாந்தானுங்க திறந்தேன்" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"உள்ள வாங்கம்மா" என்றார் மணியக்காரர்.

சுமையோடு வேம்பியார் கருவறை வாசல்வரை போனார். வேல் சுவரில் சாய்ந்திருந்தது. வேலவரின் பட்டில் மரச்சில்லுகள் ஒட்டியிருந்தன. மூக்கின் நுனியில் உசிலைத் தூள். வேல் பிடிக்கும் கையில், கருங்கல் உள்ளங்கையில், ஒரு கொப்புளம். முதன்முதல் கோடரி பிடித்தவருக்கு வரும் கொப்புளம்.

மணியக்காரர் அவர் தலைச்சுமையைத் தம் கையாலேயே இறக்கினார். ஒரு கோணல் கட்டையை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அன்றைய பொங்கல் அந்த விறகில் வெந்தது. முகராத கட்டை அதன்பின் அந்த அடுப்பில் ஏறவில்லை.

பெற்ற இன்பத்தை மறைக்காமல் இறைவனிடமே கொண்டுபோன அந்தக் காய்ப்பேறிய கைகளுக்கு நம் தலை தாழட்டும்.

வேம்பியார் அப்போது அழவில்லை, கும்பிடவும் மறந்தார். அந்தக் கொப்புளத்தையே பார்த்திருந்துவிட்டு, மெல்லக் கேட்டார்:

"நல்லா இருந்துச்சா?"