சருகு அசையாத மூச்சு

மூங்கில் காட்டு ஓடைக்கரையில் புள்ளி என்றொரு சருகுமான் வாழ்ந்தது. முயலளவு உடம்பு, குச்சி குச்சியாய்க் கால்கள். தினமும் காலையில் அது சருகுக் குவியலில் கால் மடக்கி அமரும். மெல்ல மூச்சை இழுக்கும். அதைவிட மெல்ல விடும். தன்னைச் சுற்றியுள்ள ஒரு சருகுகூட அசையாத நிலை வரும்வரை எழாது. அந்தப் பொறுமையைப் பார்த்தால் யாருக்கும் கும்பிடத் தோன்றும்.

பக்கத்துப் புதரில் இருந்த துள்ளன் என்ற முயலுக்கு மட்டும் அது வேடிக்கை. "மூச்சு விடுறதுக்குக்கூடவா பயிற்சி? நான் பிறந்ததிலிருந்து விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று சிரிக்கும். ஓட்டத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று காடெல்லாம் தம்பட்டம் வேறு.

ஒரு நாள் காலை, புல் மேய்ந்துகொண்டிருந்த துள்ளன் மேல் குடுமிக் கழுகு பாய்ந்தது. நூலிழையில் தப்பிய துள்ளன் தலைதெறிக்க ஓடிவந்து, புள்ளி அமர்ந்திருந்த குவியலுக்குள் நுழைந்தது. புள்ளியும் சட்டென்று சருகுக்குள் பதுங்கியது. கழுகு மேலே வேங்கை மரக் கிளையில் அமர்ந்து, எந்தச் சருகு அசைகிறது என்று பார்த்தது.

துள்ளனுக்கு மூச்சு இரைத்தது, சருகுகள் சலசலத்தன. பயந்துபோய் மூச்சை இறுக்கிப் பிடித்தது. எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்? புஸ்ஸென்று வெளிவந்த மூச்சில் நாலு சருகு பறந்தது. கழுகு கீழ்க்கிளைக்கு இறங்கியது. இன்னொரு சருகு அசைந்தால் இரண்டு உயிரும் போய்விடும்.

துள்ளனை வெளியே தள்ளிவிட்டுப் புள்ளி தப்பியிருக்கலாம். அந்த எண்ணமே அதற்கு வரவில்லை. முயலின் காதருகே முணுமுணுத்தது.

"உன் காதை என் விலாவுல வை. அது ஏறும்போது மூச்சை இழு, இறங்கும்போது விடு. வேற எதையும் நினைக்காதே."

துள்ளன் முதலில் தடுமாறியது. பிறகு மெல்ல மெல்ல அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துகொண்டது. பத்தாவது மூச்சில் சருகெல்லாம் அடங்கிவிட்டது. கழுகு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, சலித்துப்போய்ப் பறந்துவிட்டது.

துள்ளன் காதை எடுக்கவில்லை.

"முதல்ல உன் நெஞ்சும் என்னுது மாதிரியே படபடன்னு அடிச்சுதே. உனக்கும் பயமா?"

"பயம்தான். மூச்சை நிதானமா விட்டா, நெஞ்சும் அது பின்னாலேயே வந்துடும்" என்றது புள்ளி.

பயம் எல்லோருக்கும் வரும். மூச்சை ஆளப் பழகியவரிடம் அது அதிக நேரம் தங்காது.