காரியின் வாசலில் கருகிய பயிர்

நெடுமடை ஏரியில் அந்த ஆண்டு பாதித் தண்ணீர்தான். அதனால் ஊர்ச்சபை முறை வைத்தது. முறை வந்தவர் மட்டுமே மதகைத் திறக்கலாம்; மீறினால் ஒரு பொன் தண்டம்.

ஒரு பொன் என்றால் ஏழைக்கு நடுக்கம். மேல்மடை நிலத்தில் பாதிக்குச் சொந்தக்காரனான நக்கன் காரிக்கோ அது வெற்றிலைச் செலவு. தண்டத்தை முதலில் கொடுத்தனுப்பிவிட்டுப் பிறகு மதகைத் திறப்பான். ஏரியைக் காக்கும் பொறுப்பிலிருந்த மாடலன் போய்த் தட்டிக் கேட்டார்.

“கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டேனே, ஐயா. இன்னும் என்ன வழக்கு?” என்றான் காரி.

தண்டத்தைக் கூட்டுவதென்றால் சபை கூட வேண்டும். அது அறுவடைக்குப் பிறகுதான் கூடும். அதற்குள் கடைமடைப் பயிர் செத்துவிடும். மாடலன் யோசித்துக் கடைமடைக்காரர்களிடம் ஒரு வழி சொன்னார். அன்று முதல் அவர்கள் தினமும் கருகிய பயிரைப் பிடுங்கி வந்து, காரியின் வாசலில் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பினார்கள்.

காரி அதைத் தாண்டிக்கொண்டு போனான். வாசலைக் கூட்டியவள் அவன் மனைவி பூதி. அவள் குளத்தில் இறங்கினால் மற்றப் பெண்கள் கரையேறினார்கள். கோயிலில் அவள் பக்கத்தில் நிற்க ஆளில்லை. பிறகு அவள் வெளியே வருவதையே விட்டுவிட்டாள். வாசல் கூட்ட மட்டும் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் காரி மதகைத் திறக்கப் போனான். மதகின் மேல் பூதி உட்கார்ந்திருந்தாள்.

“எழுந்திரு. ஊர் பார்க்கிறது.”

“ஊர் இத்தனை நாளும் என்னைத்தான் பார்க்கிறது. நீங்கள் பொன்னைக் கட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள்.”

காரி திரும்பி நடந்தான். அதன்பின் அவன் முறை மீறவில்லை. கடைமடை விளைந்தது. சபை மாடலனுக்குப் பட்டாடை போர்த்தியது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே பூதியிடம் போனார். அவரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அம்மா, அவருக்கு உறைக்காது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு உறைக்கும் என்றும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.”

அவர் நீட்டிய பட்டாடையைப் பூதி வாங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள்: காரி, மாடலன், கரையேறிய பெண்கள். இவர்களில் அதிகம் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை: மாடலன்தான். காரியின் கண்ணைப் பேராசை மறைத்தது. பெண்களின் கண்ணை வயிற்றெரிச்சல் மறைத்தது. மாடலனின் கண்ணை எதுவும் மறைக்கவில்லை. பூதி குற்றமில்லாதவள் என்று தெரிந்தே அவளைக் குறிவைத்தார். பயிர் பிழைத்தது உண்மைதான். ஆனால் அவர் அவளிடம் நேரே போய், “அம்மா, ஊருக்கு உதவுங்கள்” என்று கேட்டிருந்தால், அவள் முதல் நாளே மதகுக்கு வந்திருப்பாள். கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.