கொசுவலைக் கம்பெனிக்குப் பத்துப் பொருத்தம்

கரூரில் கொசுவலை தைத்து விற்கும் குழந்தைவேலு முதலாளிக்குப் புது அக்கவுண்டன்ட் வேண்டியிருந்தது. வேலைக்கு வருகிறவர்களிடம் படிப்பைக் கேட்பதுதானே முறை? அவரோ ஜாதகத்தைக் கேட்டார். தன் ஜாதகத்தோடு வைத்துப் பத்துப் பொருத்தமும் பார்ப்பாராம். கல்யாணம் தோற்றது, போங்கள்!

நவமணி ஏறி இறங்காத கம்பெனி இல்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அவள் நீட்டிய பி.காம். சான்றிதழை முதலாளி தொடக்கூட இல்லை.

"அம்மிணி, உன் நட்சத்திரம் எனக்கு ஒத்து வராது. நீ கெளம்பு."

"முன்னாடி இருந்தவருக்கு ஒத்து வந்துச்சுங்களா?" என்று அலுப்போடு கேட்டாள்.

"பத்துக்குப் பத்து! ஆனா வரி ஆபீஸ் நோட்டீஸ் வந்த அன்னைக்கே ஓடிட்டான்."

"அப்ப நீங்க தப்பான ஜாதகத்தை வெச்சுப் பாத்திருக்கீங்க. கணக்குல கேள்வி கேக்கப் போறது நீங்களா, வரி ஆபீசரா? அவரு ஜாதகத்தை வாங்கிட்டு வாங்க, எனக்குப் பொருந்துதான்னு பாத்துருவோம்."

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் சிவந்து, மேஜையில் கிடந்த வரி நோட்டீசைப் பார்த்தார்.

"சரி, அந்த நோட்டீசுக்கு நீயே பதில் எழுது," என்றார் கடைசியில்.

"இப்ப ராகு காலமுங்க. நாளைக்கு வரட்டுங்களா?"

"ராகுவாவது கேதுவாவது! பதில் குடுக்க இன்னைக்குத்தான் கடைசி நாள். உக்காரம்மா!"

"உக்கார்றேனுங்க. அதுக்கு முன்னாடி சம்பளத்தைச் சொல்லுங்க," என்றாள் நவமணி, கொட்டாவியை அடக்கிக்கொண்டு.