மலை மேல மெஷின், கீழ டாக்டர்

சேந்தமங்கலத்துல ஒரு குரு இருந்தாங்க. தாடி, கமண்டலம்னு தேடாதீங்க. வயசு முப்பத்திரண்டு, பேரு மெஹருன்னிசா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில ஒரு நெட்வொர்க் ஆபீஸ். அதான் ஆசிரமம்.

சிஷ்யர் வையாபுரிக்கு அம்பது தாண்டிடுச்சு. ஊருக்கெல்லாம் கேபிள் டிவி இழுத்த மனுசன். அந்தத் தொழில் படுத்ததும், "எனக்கும் இந்த இன்டர்நெட்டைச் சொல்லிக் குடுங்க மேடம்"னு வந்து நின்னாரு. அவரு மேடம்பாரு, அவங்க அண்ணேம்பாங்க.

அவருக்கு முதல் முதலா தனியா ஒரு வேலை வந்துச்சு.

கொல்லிமலை மேல ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்க ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின். படம் பார்த்துச் சொல்ற டாக்டர் கீழ சேந்தமங்கலத்துல. மெஷினோட குணம் என்னன்னா, தன் ஒயர்ல இருக்கற கம்ப்யூட்டரோட மட்டும்தான் பேசும். "யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு ஒரு சத்தம் போடும். பதில் வந்தா படம் அனுப்பும். வெளியூருக்கு விலாசம் எழுதத் தெரியாது, பாவம்.

அதனால அது பேசறதை அப்படியே ஒரு உறைக்குள்ள போட்டு, உறை மேல விலாசம் எழுதி, இன்டர்நெட் வழியா கீழ அனுப்பணும். கீழ பிரிச்சு டாக்டர் கம்ப்யூட்டருக்குக் குடுத்தா, ரெண்டும் ஒரே ஒயர்ல இருக்கறதா நெனச்சுக்கும். டனல்னு சொல்லுவாங்க. உறை போட ஏகப்பட்ட முறை இருக்கு. வம்பே அங்கதான்.

வெள்ளிக்கிழமைக்குள்ள படம் வரலேன்னா மெஷினைக் கீழ எறக்கிடறதுன்னு ஆஸ்பத்திரி டிரஸ்ட்ல முடிவு. அப்புறம் மலையில கை ஒடிஞ்சவங்க அத்தனை கொண்டை ஊசி வளைவும் குலுங்கிக் குலுங்கி எறங்கணும்.

வையாபுரி எடுத்த எடுப்புல புது முறையைப் போட்டாரு. விஎக்ஸ்லான். மேல இருந்து கீழ, 'கேக்குதா?'ன்னு ஒரு குட்டி பிங் விட்டாரு. டாண்ணு பதில். ஆபீஸுக்கே மைசூர்பாகு வாங்கிட்டாரு.

வாயில போட்டது கரையல, போன் வந்துச்சு. மலை ஆஸ்பத்திரி நர்ஸ், லூர்து சிஸ்டர்.

"அண்ணா, படம் நகர மாட்டேங்குதுங்க."

முறையை மாத்தினாரு. பிங் போச்சு, படம் போகல. இன்னொண்ணு மாத்தினாரு. அதே கதை.

வியாழக்கிழமை மத்தியானம் குரு முன்னாடி வந்து தொப்புன்னு உட்கார்ந்தாரு.

"மேடம், இருக்கற முறையில எதுங்க உசத்தி?"

"எனக்குப் பசிக்குதுண்ணே."

எந்திரிச்சு பணம் கட்டற கவுண்டருக்கு உள்ள போனாங்க. கதவைச் சாத்திக்கிட்டாங்க. கண்ணாடிக்குக் கீழ ஒரு சந்து. அது வழியா குரல் வந்துச்சு.

"என் டிபன் கேரியர் அங்க இருக்கு. இப்படிக் குடுங்க."

"கதவைத் தொறங்க மேடம்."

"கதவே இல்லேன்னு வச்சுக்கங்க. படுக்க வச்சும் தள்ளக் கூடாது, சாம்பார் இருக்கு."

வையாபுரி கேரியரை நிமிர்த்தியே தள்ளினாரு. சந்தோட மேல் விளிம்பை உரசிக்கிட்டு உள்ள நுழைஞ்சுது.

"இந்தாங்க, போகுதே!"

அவங்க திருப்பித் தள்ளினாங்க. "வெறும் கேரியர் யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்? பையில போட்டு, பேர் எழுதிக் குடுங்க."

மஞ்சப்பையில போட்டாரு. மேல முடிச்சு இடிச்சுது.

"மேடம், பை சரியில்லீங்க."

"ம்."

ஒயர் கூடையில வச்சாரு. கைப்பிடி இடிச்சுது.

"கூடையும் சரியில்லீங்க."

"மூணு நாளா இதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

வையாபுரி கூடையும் கையுமா நின்னாரு.

"மேஜை மேல இருக்கற எலுமிச்சம்பழத்தைப் பையில போட்டுக் குடுங்க."

குடுத்தாரு. சரக்குன்னு போயிடுச்சு.

"அட, போகுதே! மைசூர்பாகு வாங்கலாமாண்ணே?"

அவருக்குக் காது வரைக்கும் சிவந்துபோச்சு. ஆனா கண்ணு கேரியர் மேலேயே இருந்துச்சு. மெதுவாக் கொக்கியை விடுவிச்சாரு. அடுக்கடுக்கா கழட்டினாரு. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு கவர்ல போட்டு, பேரும் நம்பரும் எழுதி உள்ள தள்ளினாரு. அவசரத்துல மோர் சோறு முதல்ல போச்சு, சாம்பார் கடைசியா போச்சு. உள்ள அவங்க நம்பரைப் பார்த்து அடுக்கி, கொக்கியை மாட்டினாங்க.

"ஏதாச்சும் கொறைஞ்சிருக்காண்ணே?"

"இல்லீங்க." வையாபுரி சந்துகிட்ட குனிஞ்சாரு. "மேடம், படம் பெருசு, உறையோட சேர்ந்தா வழியில இடிக்குதுங்க. விஎக்ஸ்லான் ஒடைச்சு அனுப்பாதுங்க. ஒடைக்கக் கூடாதுங்கறது அதோட சட்டம். மத்த ரெண்டையும் ஒடைக்க விடாமத்தான் நான் வச்சிருந்தேன்."

"எது ஒடைக்கும்?"

"நம்ம ரவுட்டர் பொட்டியிலேயே ஈஓஐபின்னு ஒரு முறை இருக்குதுங்க. ஒடைச்சு அனுப்பி அந்தப் பக்கம் சேர்த்துக்கும். பழைய ஆளுன்னு நான்தான் தொடல. கொஞ்சம் மெதுவுங்க."

"மலையெறங்கற பஸ்ஸை விடவா?"

வையாபுரிக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"ஆனா பூட்டு தனியாப் போடணுங்க. ஆளோட எலும்பை வழியில போறவன் பார்க்கக் கூடாது. பூட்டும் எடத்தை அடைக்கும்."

"அடைக்கட்டும். இன்னொரு அடுக்கு கூடும், அவ்வளவுதானே?" அவங்க சாப்பிட ஆரம்பிச்சாங்க.

வெள்ளிக்கிழமை காலையில மேல ஒருத்தர் மொளகு பறிக்கற ஏணியில இருந்து விழுந்துட்டாரு. மணிக்கட்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்துச்சு. லூர்து சிஸ்டர் படம் எடுத்தாங்க. படம் கீழ வந்துச்சு. முழுசா வந்துச்சு. டாக்டர் பார்த்துட்டு, "ஒடியல, சுளுக்குதான். கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புங்க"ன்னாரு. மனுசன் மலையெறங்காம தன் வீட்டுக்கே நடந்து போனாரு. மெஷினை எறக்க வேண்டாம்னு டிரஸ்ட்காரங்க சொல்லிட்டாங்க.

சாயங்காலம் வையாபுரி ஆபீஸுக்கு வந்தாரு. மூஞ்சியில பாதி சந்தோசம், பாதி வாட்டம்.

"என்னண்ணே?"

"சிஸ்டருக்குப் போன் போட்டேங்க." வையாபுரி சிஸ்டர் குரலுக்கு மாறிட்டாரு. "'மெஷினுக்கு மல்லிப்பூ வச்சிருக்கோம்ண்ணா, தங்கமாட்டம் திருந்திடுச்சு!' சரி, டாக்டராச்சும் சொல்லுவாருன்னு அவருக்குப் போட்டேன்." தொண்டையைக் கனைச்சு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கினாரு. "'நேத்து நானே கம்ப்யூட்டரைத் தொடைச்சேன்யா. தூசிதான் காரணம்.'"

மெஹருன்னிசா சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

"ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல இருக்கறதா நெனச்சுக்கிட்டாங்க மேடம். நடுவுல நான் ஒருத்தன் இருக்கறதே தெரியல."

"அதானே டனல்! வேற என்னண்ணே வேணும்?"

வையாபுரி ஜன்னலுக்கு வெளிய மலையைப் பார்த்தாரு. மூஞ்சியில இருந்த வாட்டம் மெல்லப் போயிடுச்சு. எந்திரிச்சாரு. தன்னை விட இருவது வயசு சின்னவங்க முன்னாடி கையெடுத்துக் கும்பிட்டாரு.

"அவங்க சொல்லாட்டிப் போகட்டுங்க. எனக்குத் தெரியுமே. இது உங்களால வந்தது. அந்த மணிக்கட்டுக்காரருக்கும் சேர்த்து நான் சொல்லிக்கறேன்."

"எனக்கும் இந்த வித்தை ஒருத்தர் குடுத்ததுதான்," குரு சொன்னாங்க. "நானும் நடுவுலதாண்ணே."