சுவருக்குப் பின்னால் பெய்த மழை

கரிசல்காட்டுத் தாலுகா அலுவலகம் ஒன்றின் முற்றத்தில் ஒரு மழைமானி இருந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரு தகர உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். அவ்வளவுதான் அது. தினமும் காலை எட்டரை மணிக்கு அலுவலக உதவியாளர் தங்கக்கனி வருவாள். பாட்டிலை எடுத்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பாள். எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மழைமானிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, தன் மகள் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்பதற்காக, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் வாயில் ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு மழை விடுமுறை விட்டார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள். அதிலிருந்து யார் பக்கத்தில் வந்தாலும் மழைமானி கையைத்தான் முதலில் பார்க்கும்.

அந்த வருஷம் புரட்டாசி கடைசியில் ஒரு வேன் வந்தது. வேனிலிருந்து பளபளவென்று ஒரு புதுக் கருவியை இறக்கினார்கள். தலையில் சோலார் தகடு, இடுப்பில் மினுக்கும் விளக்கு, வயிற்றில் ஒரு சின்ன வாளி. வாளி நிறைந்தால் தானே சாய்ந்து கொட்டிவிட்டு நிமிரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு கணக்கு நேராகத் தலைநகரத்துக்குப் போய்விடும்.

"இனிமே மனுஷன் கை படவே வேண்டாம்," என்றார் கொண்டு வந்த எஞ்சினியர். "அங்க டவர் நல்லா கிடைக்குது," என்று ரெக்கார்டு அறைச் சுவருக்குப் பின்னால் அதை நட்டுவிட்டுப் போனார். ரிப்பன் வெட்டினார்கள். எல்லோருக்கும் லட்டு கிடைத்தது.

மழைமானி நின்ற இடத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். 'டக்' என்று ஒரு சாய்வு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு 'டக்'.

ஐப்பசி பிறந்தது. மழை வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று. தங்கக்கனி தினமும் காலிப் பாட்டிலை எடுத்துப் பார்த்து நோட்டில் ஒரு சைபர் போட்டாள். ஆனால் சுவருக்குப் பின்னால் தினமும் 'டக், டக்' என்று கேட்டுக்கொண்டேயிருந்தது.

'இவன் கையில் ஏதோ வேலை இருக்கிறது,' என்று மழைமானி நினைத்தது. 'காசு கொடுத்து வாங்கிய கருவி சும்மா நிற்கக் கூடாதென்று, இல்லாத மழையைக் கட்டி அனுப்புகிறான்.'

ஒருநாள் தாசில்தார் அறை ஜன்னல் வழியாக டி.வி. செய்தி கேட்டது. அந்தத் தாலுகாவில் மட்டும் பதினேழு சென்டிமீட்டர் மழையாம். எங்கள் மரம் நடும் திட்டத்துக்குக் கிடைத்த பலன் என்றார் மந்திரி. இவ்வளவு மழை பெய்தும் வடிகால் வெட்டாதது ஏன் என்று கேட்டார் எதிர்க்கட்சிக்காரர். நடுவில் உட்கார்ந்திருந்த விஞ்ஞானி ஒருவர், கடல் சூடாவதால்தான் இப்படி ஒரே இடத்தில் கொட்டுகிறது என்று படம் போட்டு விளக்கினார். மூவரும் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். மழை பெய்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் வெயிலுமுத்து மனுவோடு வந்தார். ஊசிமேட்டுப்பட்டிக்காரர். மூன்று மாடு வைத்திருந்தார். வறட்சி என்று அறிவித்தால்தான் ஊருக்குத் தண்ணீர் லாரியும் மாட்டுக்கு வைக்கோலும் வரும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

தாசில்தார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இங்க பாருங்க. பதினேழு சென்டிமீட்டர். இதுல எப்படிய்யா வறட்சின்னு நான் எழுத?"

"சார், எங்கூருல பயிரு முளைச்சு ஒரு விரக்கடைக்கு மேல எந்திரிக்கல. வந்து பாருங்க."

"நான் பாத்தா அது என் கண்ணு. இது கருவி. மேல இருக்கிறவங்க எதை நம்புவாங்க?"

வெயிலுமுத்து மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். முற்றத்தில் தங்கக்கனியைப் பார்த்ததும் நின்றார். "ஏம்மா, இந்த மழையெல்லாம் எங்கம்மா பெஞ்சுது? தெரிஞ்சா மாட்டப் பிடிச்சுக்கிட்டு அங்க போயிருதேன்."

அவர் போன பிறகு தங்கக்கனி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். இருபது நாளாகச் சைபர். நோட்டை எடுத்துக்கொண்டு தாசில்தாரிடம் போனாள்.

"பழசு ஓட்டையா இருக்கும்," என்றார் அவர். "ஒழுகிப் போயிருக்கும். இனிமே அதை எழுத வேண்டாம். ரெண்டு கணக்கு இருந்தா நமக்குத்தான் தலைவலி."

அவள் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மத்தியானம் வரை மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு குறையவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மழைமானிக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானமே சுவருக்கு அப்பால் குரல் கொடுத்தது.

"நீ அனுப்புவது பொய்."

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்றது புதுக் கருவி. "வாளி நிறைந்தால் சாய்கிறேன். சாய்ந்தால் கணக்குப் போகிறது. அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை."

"வானத்தில் மேகமே இல்லையே. வாளி எப்படி நிறையும்?"

"வானமா? அதை நான் பார்த்ததில்லை. எனக்கு மேலே கறுப்பாக ஒன்று இருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்கு அதிலிருந்து தண்ணீர் விழுகிறது."

மழைமானி அண்ணாந்து பார்த்தது. ரெக்கார்டு அறை மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி விளிம்பு தெரிந்தது.

"அது தண்ணீர்த் தொட்டி. நிறைந்து வழிகிறது. அதையா மழை என்று அனுப்பினாய்?"

"மேலேயிருந்து விழுந்தது. எண்ணினேன். எங்கிருந்து விழுந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை."

மழைமானி தொட்டியைப் பிடித்தது. "ஏன் வழிகிறாய்?"

"என் மிதவை உடைந்து நாலு மாதம் ஆகிறது," என்றது தொட்டி. "நிறைந்தால் வழியாமல் நான் வேறு என்ன செய்வேன்? மோட்டாரைக் கேள்."

"சுவிட்சை அணைக்கிறவரை ஓடுவது என் வேலை," என்றது மோட்டார். "அணைக்கிறவர் டீ குடிக்கப் போய்விடுகிறார். மெதுவாகத்தான் வருகிறார்."

இத்தனை நாள் மழைமானி சுவருக்குப் பின்னால் ஒரு திருடன் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. அங்கே திருடனே இல்லை. ஆளாளுக்கு உள்ளதைத்தான் சொல்கிறார்கள். அத்தனையும் சேர்ந்து பதினேழு சென்டிமீட்டர் பொய்யாகப் போயிருக்கிறது. ஒரு கள்ளன் அகப்பட்டிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

அடுத்த வாரம் ஒருநாள் தங்கக்கனிக்கு பஸ் கிடைக்கவில்லை. எட்டரைக்கு வருகிறவள் ஒன்பதேகாலுக்குத்தான் வந்தாள். நேரமாகிவிட்டதே என்று ரெக்கார்டு அறைக்குப் பின்பக்கமாகக் குறுக்கே நடந்தாள். தோளில் தண்ணீர் சொட்டியது. நின்று மேலே பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். புதுக் கருவியின் வாய்க்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. 'டக்' என்றது. அவள் இன்னும் இரண்டு 'டக்' கேட்கும்வரை அங்கேயே நின்றாள்.

தாசில்தாரைக் கூட்டி வந்து காட்டினாள். அவர் தொட்டியையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாத," என்றார் கடைசியில். "மந்திரியே டி.வி.யில சொல்லிட்டாரு. இப்ப போயி தொட்டித் தண்ணின்னு சொன்னா, முதல்ல என் வேலை போகும். அடுத்தது உன் வேலை. நீ இன்னும் பெர்மனென்ட் ஆகல. ஞாபகம் வச்சுக்க."

அவளுக்கு அது நன்றாகவே ஞாபகம் இருந்தது. இரண்டு நாள் அவள் முற்றத்துப் பக்கம் வரவில்லை. மழைமானி அவளையும் சந்தேகப்பட்டது. 'இவளும் அவ்வளவுதான்,' என்று நினைத்தது.

மூன்றாம் நாள் வெயிலுமுத்து மறுபடியும் மனுவோடு வந்தார். முகம் வற்றியிருந்தது. தங்கக்கனி அவரைக் கேட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மடியிலிருந்து நோட்டின் ஜெராக்ஸை எடுத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் கையெழுத்து இருந்தது.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. இதக் குடுங்க. அந்தக் கருவிக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கச் சொல்லுங்க."

"உன் பேரு இதுல இருக்கேம்மா?"

"இருக்கட்டும். பேரில்லாம குடுத்தா யாரு நம்புவா?"

கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், வழிந்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு போனார்கள். தொட்டிக்குப் புது மிதவை மாட்டினார்கள். கார்த்திகை பாதியில் ஊசிமேட்டுப்பட்டிக்குத் தண்ணீர் லாரி போனது. வைக்கோலும் போனது. அதற்குள் வெயிலுமுத்துவின் மூன்று மாட்டில் ஒன்று செத்துப் போயிருந்தது. செய்தியில் இதெல்லாம் வரவில்லை. தங்கக்கனியைப் பக்கத்து ஊர் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு வந்தவர் மழைமானிப் பக்கம் வரவேயில்லை.

புது மிதவை மாட்டியதிலிருந்து சுவருக்குப் பின்னால் 'டக்' சத்தம் கேட்கவில்லை. ஒருநாள் கேட்கவில்லை, இரண்டு நாள் கேட்கவில்லை. மழை இல்லை, அதனால் புதுக் கருவி சைபர் என்று அனுப்பிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அதே வேன் வந்தது. எஞ்சினியர் இறங்கினார். மூடியைத் திறந்து வாளியை ஆட்டிப் பார்த்தார். போனில் யாரிடமோ, "ஆமா சார், டெட் ஆயிடுச்சு. கழட்டிக் கொண்டு வந்துடுறேன்," என்றார்.

வேனில் ஏற்றும்போது புதுக் கருவி முதல்முறையாக மழைமானியை நேரில் பார்த்தது.

"ஒரு மாதமாகத் தொட்டித் தண்ணீரை அனுப்பினேன். ஒருத்தரும் வரவில்லை," என்றது. "அஞ்சு நாளாக உள்ளதை அனுப்புகிறேன். ரிப்பேருக்குக் கொண்டு போகிறார்கள்."