எந்த ஊரின் வரலாறு

குணாளன் வரலாற்று விரிவுரையாளர். பதினோரு ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். ஒரு சனிக்கிழமை காலை, தனக்கு எம்.ஏ.வில் பாடம் எடுத்த சகாயமேரியைப் பார்க்க அவருடைய கல்லூரிக்கே வந்தார். துறை அறையில் வேறு யாரும் இல்லை.

“மேடம், அசைன்மென்ட் எப்படிக் கொடுக்கணும்?”

“இத்தனை வருஷம் கழிச்சா கேட்கிற?”

குணாளன் பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார்.

போன ஆண்டு, இரண்டாமாண்டு வகுப்பில், ‘உங்கள் ஊரின் வரலாறு எழுதுக’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார். அவ்வளவுதான். செண்பகவல்லி என்ற மாணவி எழுந்தாள்.

“எந்த ஊர் சார்?”

“உன் ஊர் எதுன்னு நானா சொல்லணும்?”

வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் குடும்பத்தின் ஊர், அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் பிறந்தது கரைமேல் அரசு கட்டிக்கொடுத்த காலனியில். குணாளனுக்கு அப்போது இது தெரியாது.

ஒரு மாதம் கழித்து எழுபத்தொரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். குணாளன் மனதில் இருந்தது ஐந்து பக்கக் கட்டுரை, நூலகப் புத்தகங்கள் மூன்றிலிருந்து மேற்கோள்கள். அதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ‘கேட்டது இதுவல்ல’ என்று எழுதினார்.

“அப்போ என்ன சார் எழுதணும்?”

“யோசிச்சுப் பார். புரியும்.”

அவள் நோட்டை எடுத்துக்கொள்ளாமலே போனாள். அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

“போன மாசம் பீரோவை ஒழிக்கும்போது நோட்டு கைக்கு வந்தது மேடம். அப்பதான் படிச்சேன்.”

“அன்னைக்கு எத்தனை பக்கம் படிச்சே?”

“மூணு.”

சகாயமேரி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அவங்க வீட்டுக்குப் போனேன். அப்பா மட்டும்தான் இருந்தார். பொண்ணு நூல்மில்லுக்குப் போயிட்டாளாம். தங்குறதும் அங்கேயேதான். ‘நாங்க படிப்பை நிறுத்தலை சார். படிப்பு எனக்கு வராதுன்னு அவளே சொல்லிட்டா’ன்னார்.”

“அவகிட்டப் பேசினியா?”

“போன் பண்ணேன். தப்பு என்மேலதான்னு சொன்னேன். ‘பரவாயில்ல சார், ஷிப்டுக்கு நேரமாச்சு’ன்னு வச்சுட்டா. அப்புறம் எடுக்கவே இல்லை.”

சகாயமேரி நோட்டைத் திறந்தார். குணாளன் எதிரே உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு ஒருவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இரண்டு டம்ளரும் ஆறிப்போயின. ஓரிடத்தில் சகாயமேரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த வரிகளை மெதுவாக வாய்விட்டுப் படித்தார்.

“அரசுப் பதிவேட்டில் எங்கள் ஊருக்கு ஐம்பத்திரண்டு வீடுகள். அங்கே வாழ்ந்த மூதாட்டி பேச்சியம்மாள் அறுபத்தொன்று என்கிறார். குடியிருந்தவர்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். அறுபத்தொன்று வந்தது. மீதி ஒன்பது வீட்டுக்காரர்களுக்குக் காலனியில் வீடு இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.”

கடைசிப் பக்கம்வரை படித்து மூடினார். ஒரு வெள்ளைத் தாளைக் குணாளன் பக்கம் தள்ளினார்.

“இது பதில். இதுக்குக் கேள்வி எழுது.”

குணாளன் எழுதினார்: ‘மூழ்கிய ஓர் ஊரின் வரலாற்றை ஆராய்க.’

“ஆராய்கன்னா? யார்கிட்டப் போகணும், என்ன பண்ணணும்?”

அடித்துவிட்டு எழுதினார்: ‘மூழ்கிய ஊரில் வாழ்ந்தவர்களைப் பேட்டி எடுத்து எழுதுக.’

“எதுக்கு?”

குணாளன் நோட்டை மறுபடியும் புரட்டினார். இந்த முறை அவசரப்படவில்லை. பாதியில் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. சகாயமேரி கூப்பிடவில்லை. மதியம் தாண்டித்தான் எழுதி முடித்தார்.

‘நீங்கள் வாழும் ஊரையோ, உங்கள் குடும்பம் விட்டுவந்த ஊரையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழ்ந்த ஐந்து பேரிடமாவது பேசுங்கள். அவர்கள் சொல்வதும் அரசுப் பதிவேடு சொல்வதும் எந்த இடத்தில் வேறுபடுகின்றன? அந்த வேறுபாட்டால் யார் விடுபட்டுப் போனார்கள்? உங்களுக்குத் தெரியவந்ததை, அந்த ஊரையே அறியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதுங்கள்.’

சகாயமேரி இரண்டு முறை படித்தார்.

“இந்தக் கேள்விக்கு இந்த நோட்டு வந்திருந்தா என்ன மார்க் போட்டிருப்பே?”

குணாளன் நோட்டின் முதல் பக்கத்துச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார். “இதைவிட நல்லா யாரும் எழுத முடியாது மேடம்” என்றார்.

“ம்.”

குணாளன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து வாசல்வரை போனவர் நின்றார்.

“திங்கட்கிழமை வகுப்புல இதையே கொடுக்கலாமா மேடம்?”

“கொடு” என்றார் சகாயமேரி. “உன் கேள்வின்னு மட்டும் சொல்லாதே.”